இடப்பக்கம் நுழைந்த நீல ரிப்பன்

ஒன்பது வருஷமாக அவள் தற்காலிக அறிவியல் ஆசிரியை. "எட்டாம் வகுப்பு 'சி' பிரிவு மொத்தமும் அரையாண்டுல பாஸாகட்டும், உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதறேன்" என்று தலைமையாசிரியை சொன்ன நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதுகு அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்த கணவர் சிரித்தார். "இந்த வீட்டுல இதுவரைக்கும் நான்தான் பெர்மனென்ட். கட்டிலை விட்டு அசைஞ்சதே இல்ல. நீயும் வந்து சேரு."

'சி' பிரிவுக்குப் பாடம் காதில் ஏறாது. முட்டி மோதிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே யாரும் மனப்பாடம் பண்ண வேண்டாம். நீங்களே ஆளுக்கொரு விளையாட்டு செஞ்சு கொண்டாங்க. பாடம் அதுக்குள்ள இருக்கணும்."

வந்ததில் முக்கால்வாசி பாம்பும் ஏணியும். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காததால் 'ஊமைக்கோட்டான்' என்று பேர் வாங்கியிருந்த சிறுமி மட்டும், வராந்தா முழுக்கச் சாக்பீஸால் ஒரு இதயம் வரைந்தாள். நான்கு அறைகள். பிள்ளைகள்தான் ரத்தம். அசுத்த ரத்தமாக நீல ரிப்பனோடு நுழைந்து, நுரையீரலுக்கு ஓடி, சுத்தமாகிச் சிவப்பு ரிப்பன் வாங்கித் திரும்ப வேண்டும். அறை மாறிக் கால் வைத்தால் அவுட்.

"ஏய் மண்டு, அது சிவப்பு வீடு!"

"கோட்டான், நீயே அம்பயரா இருடி!"

சிறுமி சிரித்தாள். ஆசிரியைக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணுக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. புத்தகப் படத்தில் இதயத்தின் வலப்பக்கம் நமக்கு இடக்கைப் பக்கம் இருக்கும். சிறுமி படத்தை அப்படியே இறக்கி, இடக்கைப் பக்கத்து அறைகளில் 'இடது' என்று எழுதியிருந்தாள்.

நான்கு நாள் ஆடினார்கள். முப்பத்திரண்டு பேரும் வழியை மறக்கவே இல்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து, வேறு பள்ளியில் திருத்தப்பட்ட விடைத்தாள்கள் திரும்பி வந்தன.

"எல்லாத் தாள்லயும் ஒரே தப்பு. அசுத்த ரத்தம் இதயத்துக்குள்ள இடப்பக்கம் நுழையுதாம். காப்பியடிச்சதுன்னு பரீட்சையையே ரத்து பண்ணிட்டாங்க" என்றார் தலைமையாசிரியை. "யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தது?"

விளையாட்டைச் சொன்னால் விசாரணைக்கு அந்தப் பிள்ளையைத்தான் நிறுத்துவார்கள். இப்போதுதான் திறந்த வாய்.

"நான்தான் மேடம்."

"பரீட்சை ஹால்லயா?"

"எங்க வேணா வெச்சுக்கோங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இனி உங்க வேலை என் கையில இல்லம்மா."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் அதே இதயம். 'ஏ' பிரிவுப் பிள்ளைகள் நீல ரிப்பனோடு இடப்பக்கம் நுழைந்துகொண்டிருந்தார்கள். கையெல்லாம் சாக்பீஸோடு சிறுமி ஓடி வந்தாள்.

"டீச்சர்! அடுத்த பாடம் சிறுநீரகம்தானே? ஆட்டம் யோசிச்சிட்டேன். நாளைக்குக் கொண்டு வரட்டா?"

தப்பைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும், கன்னத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துவிட்டாள்.

"கொண்டு வாடி கண்ணு."

வாசல் கதவை அவள் தாண்டும்போது, பின்னால் அந்தப் பிஞ்சுக் குரல் கணீரென்று கேட்டது: "தப்பான வீடு! அவுட்! வெளிய போ!"