மீராவின் புரோகிராமில் நான் பிடித்த பக்

இன்று சாயங்காலம் ஒரு பக் பிடித்தேன். பிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: தரமணியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம், அதாவது பக், கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். (கல்யாணத்துக்கு முன்பே இந்தத் தகுதி எனக்கு இருந்தது என்பது கணவர் ஸ்டீபனின் கருத்து.)

இந்த வாரம் லீவ் போட்டுவிட்டு ஆன்லைனில் ஒரு பயிலரங்கில் உட்கார்ந்திருக்கிறேன். சாட்டிலைட் படங்களை வைத்துத் துருவத்து ஐஸைக் கணக்கெடுக்க வேண்டும். பல தேசத்துக்காரர்கள், சின்னச் சின்னக் குழுக்களாக, ஒரே புரோகிராமைச் சேர்ந்து எழுதுகிறோம்.

ஐஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு ஃப்ரீஸர்தான். டெஸ்டிங் தெரியுமே, அது போதும் என்றார்கள்.

ஸ்டீபன் கதவோரம் நின்று கேட்டார்: "இன்னா, ஆபீஸ்ல பக் புடிக்கிறது பத்தலையா? லீவு போட்டுகினு வேற புடிக்கணுமா?"

என் குழுவில் மீரா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. அடையாறு. எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பாலம்தான், ஆனால் பார்த்துக்கொண்டது ஸ்க்ரீனில்தான். முதல் நாளே என்னை அக்கா ஆக்கிவிட்டாள்.

அவள் அண்டார்டிகா போகப் போகிறாள். அங்கே கரையோடு ஒட்டி உறைந்து நிற்கும் கடல் ஐஸின் மேல் ஒரு கருவியை நட்டு அளக்க வேண்டும். வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. டி. நகரில் கனமான ஸ்வெட்டர் கேட்டபோது கடைக்காரர், "இன்னாம்மா, கொடைக்கானலா?" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இன்று மத்தியானம் புரோகிராமை ஓட்டினோம். மீரா போக வேண்டிய இடத்தின் ஐஸ் அளவு கிராஃபில் வந்தது. வருடாவருடம் ஏறி இறங்கி ஒழுங்காக வந்துகொண்டிருந்த கோடு, கடைசியில் சரிந்தது.

"அக்கா, இது பக்தானே?"

"பக் இல்லாத புரோகிராம் உலகத்துலயே கிடையாதும்மா. நான் பாத்துக்கறேன், நீ போய் சாப்பிடு."

(ஆபீஸில் எத்தனையோ பேரிடம் சொன்ன வசனம். இதுவரை பொய்த்ததில்லை.)

அவள் சாப்பிடப் போகவில்லை.

"பக்தான்கா, வேற எதுவும் இருக்கக் கூடாது. ஐஸ் இல்லன்னா கருவியை எங்க வைக்கிறது? வைக்க இடம் இல்லன்னா என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

ஒவ்வொரு வரியாகப் படித்தோம். ஸ்டீபன் கொண்டுவந்து வைத்த காபி ஏடு கட்டிவிட்டது.

கிடைத்தது.

மேகம் மூடிய நாட்களில் சாட்டிலைட் படத்தில் ஐஸ் தெரியாது. அந்த நாட்களுக்கு, பழைய வருடங்களில் அங்கே சராசரியாக எவ்வளவு ஐஸ் இருந்ததோ அதையே போட்டுக்கொள் என்று புரோகிராமில் எழுதியிருந்தது.

"இதை யாரு எழுதினது மீரா?"

"நான்தான்கா. மேகம் வந்தா படத்துலதானே தெரியாது? கீழ ஐஸ் இருக்கும்ல?"

"இருந்துச்சுன்னு பாத்தியா?"

டெஸ்டர் வாய், அப்படித்தான் வருகிறது. கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம்.

பார்க்காத நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த வரிகளை எடுத்துவிட்டு, வானம் தெளிந்திருந்த நாட்களை மட்டும் வைத்து ஓட்டினோம். பக்கை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் ஊறிப்போன நினைப்பு. அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை.

கோடு இன்னும் கீழே போனது.

முதல் கிராஃபைப் பார்த்தே பயந்தோமே, அதிலேயே கொஞ்சம் ஐஸ் மீரா நம்பிக்கையில் போட்டது. நான் பிடித்த பக்தான் அத்தனை நேரமும் அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வேறொரு சாட்டிலைட்டின் படங்களை வைத்தும் பார்த்தோம். அதே சரிவு.

குழுவில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் இருவரும் கைதட்டும் எமோஜி போட்டார்கள். பயிலரங்கை நடத்துகிறவர் எனக்குப் பாராட்டு எழுதினார்.

"மீரா, வேணும்னா அந்த வரியை இப்போதைக்கு அப்படியே விட்டுடலாமா? நீ போய்ட்டு வந்தப்புறம்..."

சொன்னது நான்தான். பக்கை விட்டுவைக்கலாம் என்று ஒரு டெஸ்டர்.

"வேணாம்கா. அந்த ஐஸ் மேல போய் நிக்கப் போறது நான்."

என் திருத்தத்தை ஏற்கும் பட்டனை அவளே அழுத்தினாள். உடனே கேமராவை அணைத்தாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

அவள் அம்மா அறைக்குள் வருவது கேட்டது.

"என்னடி, ஏன் அழற?"

"அங்க ஐஸ் இல்லம்மா."

"அதுக்குத்தானே சொன்னேன், அடுத்த வருஷம் போலாம்னு. அதுக்குள்ள வந்துடும்ல?"

நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அப்போதிலிருந்து அவளுக்கு மெசேஜ் டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன். ஆறுதலாக எதை எழுதினாலும், "பாத்தியா?" என்று நான் கேட்ட கேள்வியே எனக்கு எதிரே நிற்கிறது.

பொய் இல்லாமல் அந்தப் பெண்ணுக்கு எழுத ஒரு வரி உங்களிடம் இருக்கிறதா?