தண்ணீர் குடிக்காத மாப்பிள்ளை

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒரு பிள்ளையையும் தராசில் நிறுத்திப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போன வெள்ளிக்கிழமை தண்ணீர் இல்லாமல் சாகக் கிடந்தார். வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. குடம் குடமாக இருந்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

என் கடைக்குட்டி வளர்மதியின் வீட்டுக்காரர் முருகவேல். ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்தன்று போட்ட மாலை வயிற்றின் மேல் படுத்துக்கொண்டது — அப்படி ஒரு தொப்பை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர், சர்க்கரை வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே விடாதீர்கள் என்று சொன்னாராம். அன்றைக்கு ஜிம்மில் சேர்ந்தவர்தான். விடியுமுன்னே எழுந்து இரும்பு தூக்குவார். வேகவைத்த கோழி, முட்டையின் வெள்ளைக்கரு, ஓட்ஸ். பரோட்டாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொப்பை போனது. தோள் அகன்றது. சர்க்கரையும் வந்த வழியே திரும்பிப் போனது.

நான் குறை சொல்லவில்லை. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. இப்படி ஒரு மாப்பிள்ளை நம்முடையவர் என்று நாலு பேரிடம் சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அதோடு நின்றிருக்கலாம். ஜிம் மாஸ்டர் அவரை ஆணழகன் போட்டிக்குப் பெயர் கொடுக்க வைத்தார். சனிக்கிழமை மேடை. மேடையில் நரம்பும் சதையும் கயிறு கயிறாகத் தெரிய வேண்டுமாம். அதற்குக் கடைசி நாட்களில் உப்பு கூடாது, தண்ணீர் கூடாது, உடம்பில் மிச்சமிருக்கிற நீரையும் வெளியேற்ற ஒரு மாத்திரை. வீட்டுப் பெண்களிடம் சொன்னால் கஞ்சியை ஊற்றிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று எச்சரிக்கை வேறு. அதனால் பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன்... கூடவே இருந்து பதறுங்கள்.

எங்கள் ஊர் கடலாடிக்குப் பக்கம். அம்மன் கோயில் திருவிழாவுக்கு மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் புதன்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார்கள். ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் எந்த வீட்டிலும் மீன், கறி கிடையாது. மாப்பிள்ளை கோழிக்கு எங்கே போவார் என்று எனக்குக் கவலை. அவரோ சோறும் வேண்டாம், குழம்பும் வேண்டாம், அவித்த சீனிக்கிழங்கு போதும், அதிலும் உப்புப் போடக்கூடாது என்று மகளிடம் சொல்லியனுப்பினார்.

சொல்லித்தான் அனுப்ப வேண்டும். எங்கள் பக்கம் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்பது மகள் வழியாக வரும். நான் சொல்வது கதவு வழியாகப் போகும். அதற்குப் பெயர் மரியாதை.

நான் வைத்த செம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. மகளிடம் கேட்டேன். "அவுக பாட்டில்ல வச்சுக் குடிப்பாகம்மா" என்றாள். பாட்டிலும் வைத்தபடியே இருந்தது. தரையில் பாய் விரித்துப் படுத்தார். நெஞ்சு முடியைக்கூட மழித்திருந்தார். மொட்டை வேண்டுதலில் இப்போது இப்படியும் ஒன்று வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். உப்பில்லை, கறியில்லை, கட்டில் இல்லை, தண்ணீர்கூட இல்லை... நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

அம்மனுக்கு விரதம் என்றுதான் நானும் நினைத்தேன். வெளியே சொல்லிக்கொள்ளாமல் இருக்கிறாரே, என்ன அடக்கம் என்று உள்ளுக்குள் பூரித்தும் போனேன்.

மறுநாள் அடுத்த வீட்டு மதினி வாயைக் கிளறினாள். "ஒங்க மருமகனப் பாத்தேன் மதினி. மீனக் காயப்போட்டாக் கருவாடும்பாக. மனுசனக் காயப்போட்டா என்னம்பாக?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மாப்பிள்ளை ஆத்தாவுக்காகப் பச்சைத்தண்ணீர் படாமல் விரதம் இருக்கிறார், அப்படி ஒருத்தரை உன் வீட்டில் காட்டு, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

திருவிழாவில் முதல் தீச்சட்டி எங்கள் குடும்பத்துக்கு உரியது. என் ஆறில் ஒன்றுதான் ஆண்பிள்ளை. அவன் கத்தாரில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. இந்த வருஷம் சட்டியை யார் எடுப்பது என்று தெரியாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பூசாரி எங்கள் வாசலில் வந்து நின்றார். மகன் இல்லாத இடத்தில் மருமகன் எடுக்கட்டும் என்றார். காப்புக் கட்டாத ஆள் எடுக்கலாமா என்று கூட வந்தவர் கேட்டதற்கு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறவருக்கு இப்போது கட்டினால் போதும் என்று முடித்துவிட்டார்.

மாப்பிள்ளை கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தார். மாமியார் ஊரெல்லாம் சொன்னதை எப்படிப் பொய்யாக்குவது? அது அவருடைய மரியாதை. என்ன சொல்ல வந்தீர்கள் என்று நான் எப்படிக் கேட்பது? இது என்னுடைய மரியாதை. அவர் கையை நீட்டினார். மஞ்சள் கயிறு ஏறிவிட்டது.

பங்குனி வெயில். ஊருணிக் கரையில் சட்டியில் தீ வளர்த்து, அடியில் வேப்பிலை கொடுத்து அவர் கையில் ஏற்றினார்கள். கொட்டும் குலவையுமாகப் புறப்பட்டோம். நான் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்திலேயே நடந்தேன். சட்டி எடுப்பவர் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும்.

ஊற்றக் குனிந்தபோதுதான் பார்த்தேன்... அவர் கெண்டைக்கால் சதை தானாகத் துடித்தது. உருண்டு முடிச்சுப் போட்டது. அவிழ்ந்தது. மறுபடியும் போட்டது.

நிமிர்ந்தேன். பூசாரிக்கு வேர்வை. கொட்டுக்காரருக்கு வேர்வை. எனக்கு முதுகெல்லாம் ஊற்றுகிறது. கையில் நெருப்பை வைத்திருக்கிறவர் நெற்றியில் ஒரு சொட்டு இல்லை.

ஆத்தா அவரைக் குளுமையாக வைத்திருக்கிறாள் என்று பின்னால் ஒருத்தி கும்பிட்டாள். குளுமையாக இருக்கிற ஆளுக்கு உதடு ஏன் சுண்ணாம்பாக வெளுக்க வேண்டும்?

வளர்மதியைத் தேடினேன். கூட்டத்தில் எங்கேயோ பின்தங்கியிருந்தாள். சொல்லியனுப்ப ஆளில்லை. கோயில் இன்னும் ஒரு தெரு தள்ளி. சட்டி அவர் கையில் சாயத் தொடங்கியது. தீப்பொறி மார்பில் விழுந்தது — அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அவர் முகத்தைப் பார்த்து நான் முதல்முறையாகப் பேசியது அங்கேதான்.

"மாப்பிள்ளை, கடைசியா எப்பத் தண்ணி குடிச்சீக?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. "புதன்கெழம... நாளைக்கு மேடை இருக்கு அத்தை. குடிச்சா ஒடம்பு ஊதிரும்."

மேடையா? அப்படியென்றால் ஆத்தாவுக்கு இல்லையா?

தீச்சட்டியைத் தரையில் வைக்கக்கூடாது. விரதக்காரர் பாதி வழியில் தண்ணீர் குடித்தால் ஊருக்கே ஆகாது. ஊரெல்லாம் பெருமை பேசிய வாய் என்னுடையது. நாளைக்கு அந்தத் தெருவில் எப்படி நடப்பேன்? அந்த நேரத்தில் இதையெல்லாமா யோசித்தாய் என்பீர்கள். யோசித்தேன். ஒரு மூச்சு நேரம் யோசித்தேன். அதற்குள் அவர் முட்டி மடங்கிவிட்டது.

"ஏத்தா வளரு, வந்து சட்டிய வாங்கு" என்று கத்தினேன். அவள் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, வேப்பிலையோடு சேர்த்துச் சட்டியை வாங்கினாள். வாங்கவும் அவர் என் மேல் சரியவும் சரியாக இருந்தது. இரும்பைத் தூக்கித் தூக்கி வளர்த்த உடம்பு... என் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

குடத்தை எடுத்ததும் பூசாரி பதறிவிட்டார். "அத்தாச்சி, தண்ணி குடுத்துராதீக. வெரதம் கலையும்."

"வெரதமே இல்ல சாமி. நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன். இவரு ஆத்தாவுக்கு வெரதம் இருக்கல. நெலைக்கண்ணாடிக்கு இருந்திருக்காரு."

கொட்டு நின்றுபோனது. நான் உள்ளங்கையில் ஏந்தி அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் மேடை நினைப்பு. "வாயத் தொறங்க" என்றேன். மாமியார் குரலில் அல்ல. காய்ச்சல் பிள்ளைக்குக் கசாயம் புகட்டுகிற குரலில். திறந்தார்.

ஆட்டோ பிடித்துக் கடலாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். இதயம் தாறுமாறாக அடிக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நின்றிருக்கும் என்றார் டாக்டர். சட்டியைக் கோயில் சேர்த்துவிட்டு வளர்மதி வந்தாள். அவர் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் ஒன்றுக்குப் போனார். மூத்திரம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிற நிலைமை உங்கள் யாருக்கும் வர வேண்டாம்.

மாஸ்டர் போன் செய்தார். வளர்மதிதான் எடுத்தாள். அவள் சொன்னதை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

சனிக்கிழமை மேடை அவரில்லாமல் நடந்தது. ஏற்றிய தண்ணீரில் உடம்பு உப்பி, வயிற்றில் இருந்த வரிகளெல்லாம் மூடிக்கொண்டன. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு தடவ அங்கன நிக்கணும்னு இருந்துச்சு அத்தை" என்றார். கண் கலங்கியது. இரண்டு வருஷ உழைப்பு. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

"நில்லுங்க மாப்பிள்ளை. தண்ணியக் குடிச்சுப்புட்டு நில்லுங்க. பரிசு கெடைக்காட்டியும் ஆளு கெடைப்பீகள்ல" என்றேன்.

இப்போது நாங்கள் நேராகவே பேசிக்கொள்கிறோம். மரியாதை குறைந்துவிட்டதாக இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. உடம்பை இறுக்கட்டும், தோளை வளர்க்கட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டில் இருக்கிறவரிடம் சொல்ல முடியாத ஒரு பத்தியம் நல்ல பத்தியமாக இருக்குமா? அதேபோல, ஒரு மனிதர் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருக்க, ஏன் என்று கேட்கவிடாத மரியாதைதான் நல்ல மரியாதையா?

பூசாரி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வருஷம் மழை தப்பினால் ஊர் என்னைத்தான் சொல்லும். சொல்லட்டும். என் மகள் தாலியோடு இருக்கிறாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி, அவருடைய மகள். இரண்டு இடத்தில் பேனா நின்றது. நானும் அவசரப்படுத்தவில்லை.

ஏத்தா, எழுதினது போதும். முதலிலிருந்து ஒருக்க வாசி. மெல்ல வேண்டாம்... உங்க அப்பா உள்ளேதான் படுத்திருக்கிறார், அவர் காதில் நன்றாக விழட்டும்.