ஒரே ரத்தத்துக்கு ரெண்டு படி

படி போய் லிட்டர் வந்த வருடம்தான், கைக்குழந்தையாக இருந்த என் தம்பியைப் பாடி ஊரில் இருந்த ஒரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்தார்கள்.

"நான்தான் அந்தத் தம்பி" என்று போன மாதம் பட்டாபிராமிலிருந்து ஒருவர் வந்தார். டி.என்.ஏ. சோதனைக்கு ஆளுக்கொரு கம்பெனியில் எச்சில் கொடுத்தோம்.

இன்று ரிசல்ட். நேற்று வரை என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்ட அவர் மகன், "பெர்சு, மார்க்கர்னு டி.என்.ஏ.வுல எண்ணிப் பாக்குற எடம், அதே மார்க்கர்ல உனுக்கு பத்து, நைனாவுக்கு பன்னெண்டு. நீ யாரோ, நாங்க யாரோ" என்றான்.

எனக்குச் சோதனை செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"அவங்க எண்ற முறை வேற சார். அவங்க பன்னெண்டுன்னு எண்றதும் நாங்க பத்துன்னு எண்றதும் ஒண்ணுதான்."

"அத்த தாள்ல போட்டா இன்னாமா?"

"அதெல்லாம் போடமாட்டோம் சார்."

த்தூ! அரிசிக்கடைப் படிக்கே சர்க்கார் முத்திரை இருந்தது. ரத்தத்துக்கு மட்டும் ஆளுக்கொரு படியா?

எனக்கு விவரம் தெரியாத வயசில் தம்பியைத் தூக்கிக் கொடுத்ததைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒருத்திதான், எங்கள் அக்கா கன்னியம்மா. இனி அவள் சொல்வதுதான் முத்திரை.