விழுந்தால் இரண்டு

குத்துச்சண்டையில் எப்படி மார்க் போடுவது என்ற விவகாரத்தால் ஒரு வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? எங்கள் வீட்டில் அணைந்தது. அதுவும் ஒரு தரம் அல்ல.

தண்டையார்பேட்டையில் அப்போது தெருவுக்கு நாலு பேர் பாக்ஸிங் பழகினார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த யோகம் இரட்டிப்பாக வாய்த்திருந்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பாக்ஸர். அப்பா ஜட்ஜு. ஒருவர் ரிங்குக்குள்ளே, ஒருவர் வெளியே. இரண்டு பேருக்கும் சோறு போடுகிறவள் அம்மா. இதற்கு மேல் ஒரு வீட்டுக்கு என்ன வேண்டும், சண்டை தானாக வந்துவிடும்.

அப்பா பட்டறையில் ஃபிட்டர். அடுத்தவன் நீட்டுகிற பீடியைக்கூட வாங்கிப் பற்றவைக்க மாட்டார் என்று பெயர் எடுத்தவர். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்கு அவரை ஜட்ஜாகக் கூப்பிடுவார்கள். மூன்று ஜட்ஜுகளும் ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் பள்ளிக்கூடச் சிலேட்டில் மார்க் எழுதி ஜனங்களுக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். இது எங்கள் பக்கத்து வழக்கம். ரகசியமாக எழுதி வைத்துக் கடைசியில் வாசித்தால், ரிங்குக்குள்ளே உடைவதைவிட வெளியேதான் அதிக மண்டை உடைகிறது என்று பெரியவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

ரவுண்டுக்கு ஆளுக்குப் பத்து மார்க். அதில் தோற்றவனுக்கு ஒன்று குறையும். இதுவரைக்கும் யாருக்கும் தகராறு கிடையாது. அடிபட்டு ஒருத்தன் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அங்கேதான் வம்பு. ரவுண்டு பூராவும் எதிராளியை வெளுத்து வாங்கினவன், கடைசியில் ஒரே ஒரு குத்தில் விழுந்து எழுந்தால் அந்த ரவுண்டு யாருடையது?

அப்பாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. விழுந்தால் இரண்டு குறை. யார் விழுந்தாலும், எப்படி விழுந்தாலும் இரண்டு. "வுய்ந்தது ஒண்ணுதான் எல்லார் கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரியுது. மத்ததெல்லாம் அவனவன் கண்ணுக்குத் தெரியறது" என்பார்.

அம்மாவின் சட்டம் வேறு. "வுய்ந்தவன் எய்ந்து நிக்கிறானே, அதுக்கு இன்னாய்யா மார்க்கு? மண்ணுல வுய்ந்து எய்ந்து நிக்கிறது சும்மாவா? நாயமா பாத்தா அவனுக்கு ஒண்ணு கூடப் போடணும்" என்று கரண்டியை ஆட்டிக்கொண்டு வாதாடுவாள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். எட்டு வயதில் அதுதான் எனக்குத் தெரிந்த புத்திசாலித்தனம்.

இது வெறும் வாய்ப்பேச்சாக இருந்த வரைக்கும் சரி. ஒரு பந்தயத்தில் மாமாவே விழுந்து தொலைத்தார். விழுந்த மறு நொடியே எழுந்தும்விட்டார். அப்பா துளிகூட யோசிக்காமல் இரண்டு குறைத்தார். மாமா தோற்றார். அன்றைக்கு வீட்டில் குழம்பு கிடையாது. அம்மா அப்பாவின் தட்டில் பழைய சோற்றைக் கொட்டி, அதன்மேல் இரண்டு பச்சை மிளகாயை வைத்தாள். "வுய்ந்தா ரெண்டுதானே ஒன் கணக்கு? இந்தா, ரெண்டு." அப்பா இரண்டையும் கடித்துத் தின்றார். தோற்ற மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதே பழைய சோற்றைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். அவருக்குக் கோபம் வராது. அவருக்காகக் கோபப்படும் வேலையையும் அம்மாவே பார்த்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய பந்தயம் வந்தது. துறைமுகத்தை ஒட்டி வேறொரு பெரிய பட்டறை இருந்தது. சுதந்திரம் வந்த பிறகும் ஊருக்குப் போகாமல் அதில் தங்கிவிட்ட ஒரு துரைக்கு பாக்ஸிங் பைத்தியம். பட்டறை டீமுக்கு ஓர் ஆள் வேண்டும், ஜெயிக்கிறவனுக்கு நிரந்தர வேலை என்று சொல்லி அனுப்பினார். மாமா அப்போது நிலக்கரிக் கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் துறைமுகக் கேட்டு வாசலில் குந்திக்கொண்டு கடலைப் பார்க்க வேண்டியதுதான். மாதச் சம்பளம் என்ற வார்த்தையை அம்மா சாமி பெயரைப் போலச் சொன்னாள். மாமாவுக்கு எதிராக நிறுத்தப்பட்டவன் எண்ணூர் உப்பளத்துக்காரன். மழை பிடித்துக்கொண்டால் அவன் வீட்டில் அடுப்பே எரியாது என்று கேள்வி. ஆக, இருக்கிறது ஒரு வேலை, நிற்கிறது இரண்டு பேர்.

வேடிக்கை என்னவென்றால், அப்பாதான் ஜட்ஜாக வர வேண்டும் என்று எண்ணூர்க்காரர்களே பிடிவாதம் பிடித்தார்கள். மச்சினனுக்கே இரண்டு குறைத்த ஆள், அவரைப் போல நியாயஸ்தன் வேறு யார் என்றார்கள். அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம்! "ஊரான் புகழ்றதுக்கு எந்தம்பிதான் கெடச்சானா ஒனக்கு? இந்த வாட்டி மட்டும் ரெண்டு போட்டேன்னு வெச்சுக்கோ, நானும் என் பொண்ணும் காசிமேட்டுக்கு எங்க வூட்டாண்ட போய்க்கினே இருப்போம்" என்றாள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

உப்புக் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்த நேரத்தில் பந்தயம். நாலு சவுக்குக் கட்டைகளை நட்டு, கயிறு சுற்றி, உள்ளே பழைய படகுப் பாயை விரித்திருந்தார்கள். மணிக்குப் பதிலாக ஒரு துண்டு ரயில் தண்டவாளம் தொங்கியது. பொம்பிளைகளுக்கு என்று ஒரு மூலையில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். வந்திருந்ததே கொஞ்சம் பேர்தான். அம்மா முண்டியடித்து முன்வரிசையில் என்னை உட்காரவைத்தாள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, அம்மாவைவிட மூத்தவள், முந்தானையில் வேகவைத்த வேர்க்கடலை முடிந்து வைத்திருந்தாள். கேட்காமலே எனக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். அம்மாவுக்கும் கொடுத்தாள். யார், எந்த ஊர் என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற இரண்டு ஜட்ஜுகளில் ஒருவர் வண்ணாரப்பேட்டை தோல் மண்டி பாய். ரவுண்டின் மூன்று நிமிஷத்தையும் மொத்தமாகத் தராசில் நிறுத்துத்தான் மார்க் போட வேண்டும் என்பது அவர் கட்சி. இன்னொருவர் ராயபுரத்தில் ரயில் எஞ்சின் ஓட்டிய ஆங்கிலோ-இந்தியர், எங்கள் பக்கத்துப் பேச்சில் சட்டைக்காரர். ரவுண்டு முடியும்போது யார் கை ஓங்கியிருக்கிறதோ அவனுக்குத்தான் ரவுண்டு என்பார். மூன்று பேரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பார்த்து, ஒத்துவராமல், அவரவர் சிலேட்டு அவரவர் இஷ்டம் என்று எழுந்து வந்திருந்தார்கள்.

முதல் ரவுண்டு முழுக்க மாமாதான். இடது கையால் தட்டித் தட்டி எண்ணூர்க்காரனை மூலைக்கு மூலை துரத்தினார். அம்மா எழுந்து நின்று கத்தினாள். "அட்றா அந்த உப்பு மூட்டைய!" என்றாள். பக்கத்துப் பெண்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "பாருக்கா, பெத்தவ கஞ்சி ஊத்தி வளத்தாளா, வெறும் காத்த ஊத்தி வளத்தாளா? நிக்கவே தெம்பில்ல பாரு" என்றாள். அவள் இன்னும் கொஞ்சம் கடலை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். மூன்று சிலேட்டிலும் மாமாவுக்கு ஒவ்வொன்று கூடுதல். மைதானம் அதிர்ந்தது.

இரண்டாவது ரவுண்டும் அப்படியேதான் போனது. மாமா விளையாட்டுப் போல அடித்துக்கொண்டிருந்தார். தண்டவாளத்தை அடிக்கிறவன் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டான். அப்போது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு வலது கைக் குத்து மாமாவின் தாடையில் இறங்கியது. மாமா அப்படியே உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துப் பெண்பிள்ளை அவளுடைய இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எய்ந்துடுவாம்மா. பயப்படாத, எய்ந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரெஃப்ரி ஆறு எண்ணுவதற்குள் மாமா எழுந்துவிட்டார். மணி அடித்தது.

பாய் இரண்டு பேருக்கும் சமமாகப் போட்டார். சட்டைக்காரர் எண்ணூர்க்காரனுக்கு ஒன்று கூடுதலாகப் போட்டார். எல்லார் கண்ணும் அப்பா மேல். அப்பா எழுதினார், தூக்கிக் காட்டினார். இரண்டு குறை. முதல் ரவுண்டில் சம்பாதித்ததெல்லாம் போய், மூன்று சிலேட்டையும் கூட்டினால் இப்போது சரிக்குச் சரி. எண்ணூர்க் கூட்டம் எழுந்து அப்பாவுக்குக் கைதட்டியது. எங்கள் தெருக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அம்மா கத்தவில்லை. "வூட்டுக்கு வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

கடைசி ரவுண்டு. மணி அடித்ததும் மாமா புலி மாதிரி பாய்ந்தார். அவரை அப்படி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. எண்ணூர்க்காரன் கையைத் தூக்குவதற்கு முன்னால் இடது, இடது, பிறகு ஒரு வலது. அவன் மல்லாந்து விழுந்த சத்தம் எங்கள் மூலைக்கே கேட்டது. அம்மா துள்ளிக் குதித்தாள். குதித்தவள் பக்கத்துப் பெண்பிள்ளையின் காலை மிதித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆனால் அந்த எண்ணூர்க்காரன் லேசுப்பட்டவன் இல்லை. எழுந்துவிட்டான். எழுந்தவன் மிச்ச நேரம் பூராவும் மாமாவைப் பிழிந்து எடுத்துவிட்டான். மாமாவுக்கு மூக்கில் ரத்தம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எப்படியோ நின்றார். மணி அடித்தபோது இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

பாய் தராசில் நிறுத்துப் பார்த்து மறுபடியும் சமம் என்றார். சட்டைக்காரர் எண்ணூர்க்காரனுக்கு ஒன்று கூடுதல். போச்சு! அப்பாவின் சிலேட்டு மட்டும்தான் பாக்கி. மைதானமே அந்தச் சிலேட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் ஒரு குரல் கிளம்பியது.

"யோவ், வுய்ந்தா ரெண்டுய்யா! பாத்துகினு கீற இன்னா? ரெண்டு போடுய்யா!"

சாட்சாத் என் அம்மா. அவள் சட்டம் எங்கே போனது என்று யார் கேட்பது? வீட்டுச் சண்டை தெருவில் எல்லாருக்கும் அத்துப்படி. தண்டையார்பேட்டை பூராவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சட்டைக்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுதித் தூக்கிக் காட்டினார். விழுந்தவனுக்கு இரண்டு குறை. மொத்தத்தில் மாமா ஒரே ஒரு மார்க்கில் ஜெயித்துவிட்டார்!

எண்ணூர்ப் பெரியவர் ஒருவர் நேராக அப்பாவிடம் வந்தார். அடிதடிதான் என்று எங்கள் ஆட்கள் முன்னே நகர்ந்தார்கள். அவர் அப்பாவின் கையைப் பிடித்தார். "சொந்த மச்சானுக்கே ரெண்டு கொறச்ச கையி. இத்த நாங்க இன்னான்னு கேக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது ரவுண்டில் மட்டும் அவர் கொஞ்சம் இளகியிருந்தால், கடைசி ரவுண்டின் அந்த இரண்டை யார் ஒப்புக்கொண்டிருப்பார்கள்?

அப்புறம் ஒரே அமர்க்களம். மாமாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை பட்டறை கேட்டுக்கு வந்துவிடு என்று துரையின் ஆள் சொல்லிவிட்டான். தாரை தப்பட்டை எங்கிருந்துதான் வந்ததோ, முழங்கியது. மாமா தோளிலிருந்து குதித்து, வேர்த்து விறுவிறுத்த கையோடு அப்பாவைக் கட்டிப்பிடித்தார். "வுட்றா, ஜட்ஜு மேல கை வெக்கக் கூடாது" என்று அப்பா சொன்னார். சொன்னாரே தவிர விலகவில்லை. ஆனந்தத்தில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எங்கள் அப்பா, எங்கள் மாமா, எங்கள் தெரு!

அம்மாவை இழுத்துக்கொண்டு போகத் திரும்பினேன். பக்கத்துப் பெண்பிள்ளை முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரமாக அப்படி இருந்தாளோ தெரியாது. மெதுவாகத் தலையைத் தூக்கினாள். ரிங்கைச் சுற்றி ஒரே கூட்டம், ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"எம்புள்ள எய்ந்துட்டானாம்மா? அவன் வுய்ந்தத பாத்துட்டு நான் தலைய குனிஞ்சவதான்."

அம்மா அவளைப் பார்த்தாள். கையில் இருந்த கடலைத் தோலைப் பார்த்தாள். பிறகு, புதுப்புடவை என்பதையும் மறந்து, அந்தப் புழுதியில் அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எய்ந்துட்டாங்கா. ஒடனே எய்ந்துட்டான். எய்ந்து எந்தம்பிய இன்னா அடி அட்ச்சான் தெரியுமா? மூக்குல ரத்தம் வந்துட்ச்சிக்கா. எந்தம்பி கயித்த புட்ச்சிகினு நின்னான். ஒம்புள்ள ஒரு எட்டு பின்னால வெக்கலக்கா…"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெயித்தது நாம்தானே? மாமா வாங்கின அடியை இப்படி ஒன்று விடாமல் ஒருத்தியிடம் சொல்வதில் என்ன பெருமை? "வாம்மா, ஊர்கோலம் போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் அந்த அடியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண்பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாரைச் சத்தம் தெருமுனை திரும்பிவிட்டது. அம்மாவுக்கு என்ன வந்ததோ என்று எரிச்சல்பட்டுக்கொண்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மாமாவின் பின்னால் ஓடினேன்.