ஓ.டி.பி. சொல்லாத புதன்கிழமை

அப்பாவின் அழைப்பு வந்தபோது, முதலிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையில் ஒரு டி-ஷர்ட்டின் கழுத்தளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டால் அது பண விஷயம்தான்.

“ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு கண்ணு. அதச் சொல்லு.”

வந்திருந்தது. ஆறு இலக்கம். அவர் வாங்கப்போகும் கடனுக்கு நான் ஜாமீன் நிற்கச் சம்மதிக்கிறேன் என்று அதற்கு மேலே ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே மாதிரி ஒரு நம்பரைச் சொல்லியிருக்கிறேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். கேட்டவுடன் சொல்வதுதான் பிள்ளைக்கு அழகு என்று நினைத்தேன். அப்பா நான்கு தவணை கட்டினார். மிச்சமெல்லாம் இன்னும் என் சம்பளத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் குடிப்பவர் இல்லை, சீட்டாடுபவரும் இல்லை. எங்கள் ஊர் ராயபுரத்தில் ஆறு தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்தவர். வரவேண்டிய பணம் வராத வாரங்களிலும் சனிக்கிழமை டெய்லர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்று வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டியைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினார். ஐந்து மெஷின் போய்விட்டது. வீட்டு முன்னறையில் மிஞ்சியிருந்த ஓவர்லாக் மெஷினும் அடமானத்தில் இருந்தது. வரும் சனிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அதையும் எடுத்துப் போய்விடுவார்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவரிடம் சொல்லியிருந்தேன்: “வாடகை, அரிசி, அம்மாவோட மாத்திரை எல்லாம் நான் பாத்துக்கறனுங்க. கடனுக்கு மட்டும் என்னயக் கேக்காதீங்க.” “செரி சாமி” என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

“வேண்டாங்கப்பா. அன்னைக்கே சொன்னேனில்லீங்க.”

“இது கடனில்லடா, மெஷினத் திருப்பறதுக்கு.”

அவர் கடன் கேட்டுப் போயிருந்த ஆபீஸில் இருந்த பெண் போனை வாங்கிப் பேசினார். “சார், டைம் முடியப்போவுதுங்க. நம்பரச் சொன்னீங்கன்னா அப்பா சாப்பிடப் போவாருங்க. காத்தாலயிருந்து உக்காந்திருக்காரு.”

“அவருகிட்டயே குடுங்க.”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “ஆளுக முன்னால மானத்த வாங்காத. எம்பையன் பெரிய கம்பெனில இருக்கான்னு சொல்லித்தான் உள்ளயே உட்டிருக்காங்க.”

“முடியாதுங்கப்பா.”

“ஆறு நம்பருடா. காசா கேட்டேன்?”

அப்பா போனை வைத்துவிட்டார். சிறிது நேரத்தில் இரண்டாவது நம்பர் வந்தது. பிறகு மூன்றாவது. கழுத்தளவை மறுபடி எடுத்தேன்; முதலில் எழுதியது தப்பாக இருந்தது.

“சொல்லியிருந்தா என்ன, கொறஞ்சா போயிருவ?” என்றார் அம்மா, வீட்டுக்கு வந்ததும். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதற்கு மேல் ஒன்று என்று விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “நல்லாத்தான் சொல்ற” என்று எழுந்து போனார். அப்பா என்னோடு பேசவே இல்லை. போனில் யாரிடமோ, “எங்கூட்டு ஆபீசரக் கேளுங்க, அவருதான் இப்ப எல்லாம்” என்றது மட்டும் காதில் விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் சின்ன வேனோடு வந்தார்கள். நான் அரைநாள் லீவு போட்டிருந்தேன். கடைசி நேரத்தில் கட்டிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. பேங்கில் அதற்குப் பணம் இருந்தது. கட்டினால் அடுத்த மாத வாடகைக்கோ மாத்திரைக்கோ எதுவும் இருக்காது.

வந்தவர்களில் மூத்தவர் என்னிடம், “தம்பி, நீங்க ஏதாச்சும் பாதி கட்டறீங்களா? மிச்சத்துக்கு ரெண்டு வாரம் தவணை தர்றனுங்க,” என்றார்.

அப்பா என் முகத்தையே பார்த்தார்.

“இல்லீங்க,” என்றேன்.

அப்பா திரும்பி, மெஷினிலிருந்து நூல் கோன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். அவர்கள் மெஷினின் தலையைப் பிடித்துத் தூக்கப் போனதும் பதறினார். “தலயப் புடிச்சா பெல்ட்டு அந்துரும். டேபிளோட தூக்குங்க.” மூன்று பேர் தூக்கியும் ஒரு பக்கம் சாய்ந்து நிலைக்கதவில் இடித்தது.

“பாத்துட்டே நிக்காத. வந்து ஒரு கை புடி,” என்றார் என்னிடம்.

புதன்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான். போய் டேபிளின் நான்காவது காலைப் பிடித்தேன்.