ஒன்றரை அடிக்கோல்

எங்கள் ஜீப்பை நாலு இஞ்சு உயர்த்திய வேலை ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் ஒரு சீனரின் பட்டறையில் நடந்தது. அதை உயர்த்த வைத்தவள் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

ஈப்போவில் ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த அப்பா அந்த ஜீப்பை வாங்கியபோதே அதற்கு என்னைவிட வயது அதிகம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் ஓய்ந்துபோய், வண்டி எப்போதும் குந்தி உட்கார்ந்திருப்பதுபோல நிற்கும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் என்னோடு இருந்த பிள்ளைகள் அதற்குக் ‘காத்தாக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மலாயில் தவளை. ஜீப் கோயில் வாசலுக்கு வந்ததும் இரண்டு மூன்று பேர் தொண்டைக்குள்ளிருந்து தவளைபோலக் கத்துவார்கள். அப்பாவுக்கும் அது கேட்கும். அவர் சிரித்துக்கொண்டே இறங்குவார். பிள்ளைகள் கத்துவதைவிட அவர் சிரிப்பதுதான் எனக்கு அதிகம் கூச்சமாக இருக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பாவிடம் ஆளுயரச் சக்கரம் வைத்த புது வண்டி இருந்தது. அவள் அதிலிருந்து குதித்துத்தான் இறங்குவாள்.

எங்களுக்கு ஜீப் தேவைப்பட்டதே அத்தைக்காகத்தான். அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். லகாட்டிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில், பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் தனியாக இருந்தார். ரப்பர் போய், எண்ணெய்ப் பனையான செம்பனை வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. லயத்தில் மிஞ்சியது ஐந்து குடும்பங்கள். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அத்தையின் இடது கால் சரியாக மடங்காது. ஞாயிறுதோறும் அப்பா போய் அவரைப் பூசைக்கு அழைத்துவருவார். ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அந்த மண் பாதையை இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடுமாக்கி வைத்திருந்தன. மழை பெய்தால் அந்த மேட்டில் ஜீப்பின் வயிறு தட்டி வண்டி நின்றுவிடும். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியோடு கீழே படுப்பார். அந்த வாரங்களில் நாங்கள் பூசைக்குப் போய்ச் சேரும்போது சாமியார் பிரசங்கத்தை முடித்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். பட்டறை முதலாளியான தவுக்கே வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தார். புதுசாகவே எல்லாவற்றையும் மாற்றுவது எங்கள் வசதிக்கு ஆகாது என்று அப்பா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள். இருக்கிற ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றோடும் ஒரு பட்டை சேர்த்தால் வண்டி இரண்டு இஞ்சு எழும்பும். அல்லது யாரோ கழற்றிப்போட்ட உயரமான ஸ்பிரிங் செட் ஒன்று ஷாக் அப்சோர்பரோடு மூலையில் கிடந்தது; அது நாலு இஞ்சு தூக்கும். செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் மூலையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஜீப்பின் கதவைத் திறந்து, தரையிலிருந்து உள்தளம் வரைக்கும் கையால் சாண் போட்டார். பிறகு நாலு விரலைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். காசு செலவழிக்க மனமில்லாமல் நேரம் கடத்துகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னார்: “ரெண்டு இஞ்சு மழைக்குப் பத்துமான்னு தெரியல. நாலு இஞ்சுன்னா ரோட்டப் பத்திக் கவலையில்ல. ஆனா தரையிலேருந்து ஒன்றர அடிகிட்ட வந்துரும், அத்தை ஏறணும் லா.”

பக்கவாட்டுப் படி எப்போதோ துருப்பிடித்து விழுந்திருந்தது. புதிதாக ஒன்று வைத்தால் அதுவும் பாதை மேட்டில் தட்டும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறைக்கு நான் அத்தை வீட்டில் மூன்று நாள் தங்குவதாக இருந்தது. அப்பா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

“அத்தை எவ்ளோ உயரம் கால் தூக்குறாங்கன்னு பாத்துட்டு வாம்மா. கேக்காத. கேட்டா முடியும்னுதான் சொல்வாங்க.”

அத்தை வீட்டுப் பின்புறத்தில் துணி துவைக்கிற சிமெண்டு மேடை இருந்தது. இரண்டாம் நாள் காலை அத்தை அதில் ஏறுவதைப் பார்த்தேன். வலது கையால் குழாயைப் பிடித்து, இடது கையால் கைலியை முழங்காலோடு சேர்த்து இழுத்து, காலை ஒரு சாமானைத் தூக்கி வைப்பதுபோல மேடைமேல் வைத்தார். மூச்சை நிறுத்தி எழும்பினார். அதற்குமேல் ஒரு விரல் உயரம் கூடினாலும் முடியாது என்று எனக்கே தெரிந்தது. அவர் உள்ளே போனதும் பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து அளந்தேன். ஓர் அடிக்கோலும் நாலு விரலும்.

“என்ன கண்ணு அளக்குற?” அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“ஸ்கூல் வேலை அத்தை.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிட வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். ஒன்றரை அடிக்கோலுக்குமேல் என்றேன். “அவ்ளோவா?” என்று அவர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அக்காவின் கால் தேறியிருக்கிறது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார். அடுத்த வாரமே மூலையில் கிடந்த ஸ்பிரிங்குகள் எங்கள் ஜீப்புக்கு வந்துவிட்டன.

உயர்த்திய ஜீப் தோட்டத்துக்குப் போன முதல் நாள் எங்கள் கோயில் திருநாள். முந்தின நாள் நல்ல மழை. மேட்டின்மேல் வண்டி எதிலும் தட்டாமல் போனபோது அப்பா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். அத்தை புதுப்புடவையில் தயாராக நின்றிருந்தார். பீடத்துக்கென்று ஆறுமாதமாக அவர் பூவேலை செய்த வெள்ளைத் துணி கையில் இருந்தது. அன்று காணிக்கைப் பவனியில் அவரே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

முதல் தடவை காலைத் தூக்கினார், எட்டவில்லை. புடவையைக் கையால் இழுத்து இரண்டாம் தடவை. லயத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அப்பா எங்கிருந்தோ ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். அத்தை அதில் ஏறியதும் பெட்டி ஈரமண்ணில் சரிந்தது. துணி வைத்திருந்த கையை உயரத் தூக்கிப் பிடித்தபடியே விழுந்தார்.

அப்பா அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் கோபமில்லை.

“நீ சரியா அளந்தியாம்மா?”

அத்தைதான் பேசினார்.

“பிள்ளய ஏன் கேக்குற தம்பி? அது சரியாத்தான் அளந்துச்சு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அன்னிக்குத் தூக்க முடிஞ்சுச்சு. இப்பத்தான் கால் ரொம்ப மோசமாயிருச்சு.”

அவரைத் தூக்கி ஏற்றுவதாக அப்பா சொன்னார். இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று அத்தை மறுத்துவிட்டார். துணியை என் மடியில் வைத்து, பூசைக்கு நேரமாகிறது, போங்கள் என்றார். அன்று பவனியில் அதை நான்தான் கொண்டுபோனேன். அழகான வேலைப்பாடு என்று சாமியார் என் தலையில் கை வைத்தார். வெளியே வந்தபோது, தவளைபோலக் கத்துகிற பிள்ளைகள் ஜீப்பைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. நான் கதவைத் திறந்து, வேண்டுமென்றே மெதுவாக ஏறினேன். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

அப்பா அத்தையை ஈப்போவில் டாக்டரிடம் கூட்டிப்போனார். புதிதாக எதுவும் தெரியவில்லை என்றார்கள். அப்பாவுக்கு ஆறவில்லை. சில வாரத்துக்குள் கால் இவ்வளவு மோசமானால் இனி தனியாக எப்படி விடுவது என்றார். இரண்டு மாதத்தில் அத்தை தன் கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். அந்தப் பாதையில் ஜீப் போகவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அத்தை என் அறையிலேயே படுத்தார். காலையில் தலை பின்னிவிட்டார். அதற்குமுன் அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவர் வந்ததில்லை. கால் நன்றாகத்தானே இருக்கிறது, முடியாதபோது வருகிறேன் என்பதுதான் ஒவ்வொரு முறையும் அவருடைய பதில். அந்தத் தோட்டத்தில் அவரை இருக்கவிட்டது அந்த ஒரே பதில். இந்த முறை அதைச் சொல்ல அவருக்கு வழியில்லை. சொல்லியிருந்தால் நான் பொய் சொன்னது வெளியே வந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள், அக்கா ஏன் தோட்டத்தை விட்டு வந்துவிட்டார் என்று கேட்டால், அவரை முந்திக்கொண்டு நானே பதில் சொல்வேன்.

“அத்தைக்குக் கால் ரொம்ப மோசமாயிருச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தை, ஆமாம் என்று தலையாட்டுவார்.