நெல்ஃபாவின் இடது காது

என் அக்கா நெல்ஃபாவுக்கு முப்பத்தொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து வலது காது போய்விட்டது. நான் அப்போது கார்த்தஹேனா நகரத்தில், எங்கள் ஒலாயா பேட்டையில், சம்பேட்டா என்கிற தெரு ஆட்டப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கணினியில்தான் பதிவு. குரலையும் இசையையும் அளவாகக் கலந்து மிக்ஸிங் செய்த நண்பன் பனாமாவுக்குப் போய்விட, அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள்.

“ரெண்டு காது இருக்கிறவனே இதுல தடுமாறுறான். உனக்கு எதுக்குக்கா?”

“நீ பேசாம பாடு.”

மீன் கம்பெனி வேலை முடிந்து வந்து ஆறு மாதம் பழகினாள். முதல் பாட்டை ஒரு ஞாயிறு மதியம் எங்கள் தெருவில் பாட்டுப் போடுகிற எவரிஸ்தோ தன் பிக்கோ என்னும் ராட்சத ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டார். சுவர் உயர ஸ்பீக்கர்கள் தெருவையே அதிர வைத்தன; பேஸ் என்கிற அடித்தொனி என் குரலை விழுங்கிவிட்டது.

“டேய் நெய்தர், தண்ணிக்குள்ள உக்காந்தா பாடினே?” என்று கூட்டம் சிரித்தது.

வீட்டுக்கு வந்து, அக்காவின் இடது பக்கமாகப் போய் நின்று சொன்னேன்: “செவிடி கையில குடுத்தது என் தப்பு.”

அடுத்த பாட்டை நகரத்து ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஹெட்போனில் இரு பக்கமும் கிட்டார்கள் கொஞ்சின. பிக்கோவில் அவை காணாமலே போயின.

“என் பெட்டிக்கு இடது வலது கிடையாதுப்பா. எல்லாம் ஒண்ணாக் கலந்துதான் வரும்” என்றார் எவரிஸ்தோ.

ஒரே காதில் அப்படிக் கேட்கிற ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். போய் வாசற்படியில் நின்றேன்.

“பாட்டைக் குடு” என்றாள்.

மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே ஒலியைக் குறைத்தாள். “இவ்வளவு மெதுவா வெச்சாலும் நீ பாடுறது புரியணும். புரியலைன்னா எதுவோ உன் குரல் மேல ஏறி உக்காந்திருக்குன்னு அர்த்தம்.” மூன்று வாரம், குரல் நிற்கிற இடத்தில் பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினாள்.

பாட்டு தெருவில் ஒலித்தபோது என் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவள் இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை ஓரமாக நின்றாள். தேடிக்கொண்டு ஓடினேன்.

“ஏங்க்கா இங்க நிக்கிறே?”

“பெட்டி கிட்ட வரக்கூடாதாம். இந்தக் காதும் தேயுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டாவது அடியில மூச்சு வாங்குறே, அதைப் பாத்துக்கோ.”

அங்கேயே, நடைபாதையில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நான்கு வருடத்தில் பதினேழு பாட்டுகள் செய்தாள். அதற்குள் அந்தக் காதும் போயிற்று. இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்கிறேன். சந்தேகம் வந்தால் காகிதத்தில் எழுதி நீட்டுவேன். அவள் படித்துவிட்டு, எந்த இடத்தில் குறைக்க வேண்டும் என்று திரையில் ஓடும் ஒலி அலைகளின் மேல் விரல் வைத்துக் காட்டுவாள்.